சாரத்தில் ஒரு காற்சட்டை, தலையணை உறையில் ஒரு சட்டை: வாசகர் கேள்வி பதில்

சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருகோணமலை நகரத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் வந்தவை. மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அவற்றில் பல கேள்விகள் பழைய வகுப்பறையை நினைவூட்டின. சில, அந்த வகுப்பறையில் யாரும் கேட்கத் துணியாதவை.

கேள்வி: ரீச்சர், அம்மாவின் கைமெசின் இப்போது எனக்கு வந்திருக்கிறது. பாடசாலையில் ஒரு லேஞ்சிக்கு ஓரம் அடித்ததைத் தவிர நான் எதுவும் தைத்ததில்லை. மகனுக்கு இரண்டு வயது. எதிலிருந்து தொடங்குவது? அப்பாவின் பழைய சாரம் ஒன்று இருக்கிறது, அதை வெட்டலாமா?
(உப்புவெளி வாசகி)

பதில்: தாராளமாக வெட்டுங்கள். பலமுறை துவைத்து மெதுமையான பருத்திச் சாரத்தைவிடக் குழந்தையின் தோலுக்கு ஏற்ற துணியை நீங்கள் கடையில் வாங்க முடியாது. அது சுருங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ சுருங்கிவிட்டது, போக வேண்டிய சாயமும் போய்விட்டது. ஆனால் வெட்டுவதற்கு முன் மெசினைக் கவனியுங்கள். சிங்கர் நிறுவனம் 1877 இல் இலங்கைக்கு வந்தது. என் அம்மம்மா எந்தத் தையல் மெசினையும் 'சிங்கர்' என்றுதான் சொல்வார். அவரிடம் இருந்த ஒரே பிழையான பழக்கம், சத்தம் போடும் மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விடுவது. அது நாளாக நாளாகப் பிசினாக இறுகி, சக்கரத்தையே சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். உங்கள் மெசினிலும் அப்படி இறுகியிருந்தால் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் துப்புரவாக்கிய பின், தையல் மெசின் எண்ணெய் மட்டும் துளித்துளியாக விடுங்கள். ஊசியை மாற்றுவதாயின், அதன் தட்டையான பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கழற்றும் முன்பே பார்த்து வையுங்கள். அது மெசினுக்கு மெசின் வேறுபடும். பிறகு நூல் கோக்காமல், கோடு போட்ட கொப்பித் தாளில் ஒரு மாலை முழுவதும் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டிப் பழகுங்கள். தாளில் ஓடிய ஊசி மழுங்கிவிடும் என்பதால் துணிக்குப் புது ஊசி போடுங்கள். சாரத் துணிக்கு 14 ஆம் இலக்க ஊசி சரியாக இருக்கும்.

தொடக்கத்துக்கு லேஞ்சியையோ தலையணை உறையையோதான் எல்லோரும் சொல்வார்கள். நான் இலாஸ்ரிக் வைத்த காற்சட்டையைச் சொல்கிறேன். லேஞ்சியின் ஓரம் ஒரு நூல் கோணினாலும் கண்ணில் குத்தும். ஓடித் திரிகிற பிள்ளையின் காற்சட்டையில் இரண்டு நூல் கோணியதை யாரும் காணப்போவதில்லை, உங்களுக்கோ அன்றே போட்டுப் பார்க்கிற மகிழ்ச்சி கிடைக்கும்.

மகனுக்கு இப்போது அளவாக இருக்கும் காற்சட்டை ஒன்றை எடுத்து, ஒரு காலின் மேல் மறுகால் பொருந்துமாறு இரண்டாக மடித்து, கவட்டின் வளைவு நன்றாக வெளியே தெரியும்படி இழுத்து ஒரு செய்தித்தாளின் மேல் வையுங்கள். இடுப்பு இலாஸ்ரிக்கை இழுத்து நீட்டிப் பிடித்தபடி சுற்றிக் கோடு வரையுங்கள். கவட்டுப் பக்கத்துக்கு 1.5 சென்ரிமீற்றரும், கீழே 3 சென்ரிமீற்றரும், இடுப்பில் 4 சென்ரிமீற்றரும் கூட்டி வெட்டினால் அதுவே உங்கள் மாதிரித் தாள். சாரத்தின் மூட்டுத்தையலைப் பிரித்து விரித்து, இருந்து தேய்ந்த பகுதியை விலக்கி, துணியை இரண்டாக மடித்து, தாளின் நேரான வெளிப்பக்கம் மடிப்பின் மேல் வருமாறு வைத்து வெட்டுங்கள். இப்படி இரண்டு துண்டுகள் வேண்டும். வெட்டும்போது பின்பக்க இடுப்பை முன்பக்கத்தைவிட இரண்டரை சென்ரிமீற்றர் உயர்த்தி வெட்டுங்கள். பிள்ளை குந்தியிருந்து மணலில் விளையாடும்போது முதுகு வெளியே தெரிகிற காற்சட்டைகள் எல்லாம் இந்த இரண்டரை சென்ரிமீற்றரை மறந்தவர்கள் தைத்தவை.

ஒவ்வொரு துண்டையும் காலின் உட்பக்கத்தில் மூட்டினால் இரண்டு குழாய்கள் கிடைக்கும். ஒன்றை நல்ல பக்கம் வெளியே வருமாறு புரட்டி, புரட்டாத மற்றதற்குள் நுழையுங்கள். இப்போது இரண்டு நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, கவட்டு வளைவு ஒரே கோடாக உங்கள் முன் கிடக்கும். காலின் உட்பக்க மூட்டுகள் இரண்டும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்துக் குண்டூசி குத்தி, முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அதே கோட்டின் மேல் இன்னொரு முறை தையுங்கள். காற்சட்டை கிழிவது எப்போதும் அங்கேதான். உள்ளே இருக்கும் குழாயை வெளியே இழுத்ததும் காற்சட்டை தானாக உருவாகி நிற்பதை முதன்முறை பார்க்கும்போது எந்த மாணவியும் வாய்விட்டுச் சிரிக்காமல் இருந்ததில்லை.

இடுப்பை மடித்துத் தைக்கும்போது இலாஸ்ரிக் நுழைய மூன்று சென்ரிமீற்றர் வாய் விடுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் அகல இலாஸ்ரிக்கைப் பிள்ளையின் இடுப்பளவைவிட நாலு சென்ரிமீற்றர் குறைத்து வெட்டி, முனையில் சட்டைப்பின் குத்தி உள்ளே ஓட்டி, இரு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தையுங்கள். வயிற்றில் சிவந்த தடம் பதிந்தால் அளவு பிழை. எனவே அந்த வாயை உடனே மூட வேண்டாம். நான் என் பேரனின் காற்சட்டைகளில் அதை மூடுவதே இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலாஸ்ரிக்கைத் தளர்த்த வசதியாக இருக்கிறது. கடைசியாக, பின்பக்க உள்மடிப்பில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். எது முன், எது பின் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

கேள்வி: எனக்கு நாலு வயதில் ஒரு மகள். மனைவி வெளிநாட்டில் வேலை செய்கிறார். மகளுக்கு என் கையால் ஒரு சட்டை தைக்க விரும்புகிறேன், மெசின் இல்லை. வலை பொத்துவேன். ஆண்பிள்ளை சட்டை தைப்பதா என்று அயலவர் சிரிக்கிறார்கள்.
(திருக்கடலூர் வாசகர்)

பதில்: சிரிக்கிறவர்கள் தங்கள் காற்சட்டையை யாரிடம் கொடுத்துத் தைக்கிறார்கள் என்று கேளுங்கள், நம் கடைத்தெருவில் மெசினுக்கு முன்னால் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தானே. வலை பொத்தத் தெரிந்த விரலுக்குச் சட்டை ஒரு பெரிய காரியமில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடுங்கள்: வலைக்குரிய தங்கூசி நூலும் நைலோன் நூலும் துணியையும் அறுக்கும், பிள்ளையின் தோலையும் உராய்ந்து புண்ணாக்கும். சாதாரணத் தையல் நூலே போதும்.

ஒரு பருத்தித் தலையணை உறையை எடுங்கள். அதன் திறந்த வாய் ஏற்கெனவே மடித்துத் தைக்கப்பட்டிருப்பதால் அதுவே சட்டையின் கீழ்க்கரை. உள்ளே மடிப்புத் துண்டு இருந்தால் வெட்டி நீக்குங்கள். மூடிய பக்கத்தை வெட்டித் திறவுங்கள். அந்த மேல் மூலைகள் இரண்டிலும், ஓரத்திலிருந்து உள்ளே 5 சென்ரிமீற்றரும் கீழே 11 சென்ரிமீற்றருமாகக் கைக்குழியை வளைத்து வெட்டி, விளிம்பை இரண்டு முறை மெல்லியதாக மடித்துத் தையுங்கள். பிறகு முன்பக்க மேல் விளிம்பையும் பின்பக்க மேல் விளிம்பையும் தனித்தனியே 3 சென்ரிமீற்றர் மடித்துக் குழாய்போலத் தைத்து, ஒவ்வொன்றிலும் 17 சென்ரிமீற்றர் இலாஸ்ரிக் ஓட்டி, இரு முனைகளிலும் இறுகத் தையுங்கள். துணி அழகாகச் சுருங்கி நிற்கும். தோளுக்கு 3 சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டு பட்டிகள் தைத்து, மகளை நிற்கவைத்து நீளம் பார்த்த பின் பொருத்துங்கள்.

இதே சட்டைக்கு மேலே நீண்ட நாடாவை ஓட்டித் தோளில் பூமுடிச்சுப் போடும் முறையைத்தான் பலரும் காட்டித் தருவார்கள். பார்க்க அது அழகுதான், ஆயினும் நான் அதைச் சொல்வதில்லை. ஊஞ்சல் கொக்கியிலோ சறுக்கியின் இடுக்கிலோ கழுத்து நாடா மாட்டிக்கொண்டால் பிள்ளையால் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது. ஐரோப்பாவில் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உடைகளில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுநாடா வைக்கக்கூடாது என்று தரவிதியே வைத்திருக்கிறார்கள்.

கையால் தைக்கும்போது ஓட்டுத்தையல் வேண்டாம். ஒரு தையல் அறுந்தால் முழுவதும் உருவிக்கொண்டு வரும். ஊசியை முன்னே எடுத்து, முந்திய தையல் முடிந்த இடத்திலேயே பின்னோக்கிக் குத்தும் பின்தையலை, இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் போடுங்கள். இரண்டு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். முடிந்ததும் மகளுக்கு அணிவித்து அவர் அம்மாவுக்குப் படம் அனுப்புங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. பருத்தி என்று சொல்லித் தந்த துணியில்தான் சட்டை தைத்தேன். எப்படித் துணி பார்த்து வாங்குவது?
(கிண்ணியா வாசகி)

பதில்: கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் பகுதியில் பெரியவர்களே மேற்சட்டையைக் கழற்றி எறிகிறோம், குழந்தையின் நிலை சொல்லத் தேவையில்லை. கடைக்காரர் பருத்தி என்று சொன்னதை வீட்டில் சோதிக்க எளிய வழி இருக்கிறது. துணியின் நெடுக்கிலிருந்தும் குறுக்கிலிருந்தும் சில இழைகளை உருவித் தனித்தனியே முறுக்கி, குழந்தையை அப்பால் வைத்துவிட்டு, இடுக்கியால் பிடித்து ஒரு பீங்கான் தட்டின் மேல் நெருப்புக் காட்டுங்கள். பருத்தி, கடதாசிபோல எரிந்து, கடதாசி கருகும் மணத்தோடு, தொட்டால் பொடியாகும் சாம்பலைத் தரும். பொலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறிய பின் கடுகளவு கறுப்புக் குண்டாக இறுகி நிற்கும். நகத்தால் அழுத்தினாலும் உடையாது. சாம்பலும் குண்டும் சேர்ந்து வந்தால் அது கலப்புத் துணி. பல துணிகள் நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்றாக நெய்யப்படுவதால்தான் இரண்டு பக்கத்திலும் பார்க்கச் சொன்னேன்.

புடவைக் கடைக்குப் போகும் முன் உங்கள் அலுமாரியைப் பாருங்கள். பழைய வொயில் சேலை ஒன்று ஐந்தரை மீற்றர் நீளம் இருக்கும். எட்டு மாதக் குழந்தைக்கு அதில் ஆறேழு சட்டைகளுக்குக் குறையாமல் வெட்டலாம். கையில்லாமல், முன்புறம் முழுவதும் திறந்து கட்டும் சட்டையே இந்த வயதுக்கு நல்லது. கட்டும் நாடாக்களைக் கழுத்தில் வைக்காமல் பக்கவாட்டில், ஒரு முடிச்சுக்குப் போதுமான குட்டை அளவில் வையுங்கள். மூட்டுத்தையல் உள்ளே இருக்க வேண்டும் என்பது பெரியவர்களின் நாகரிகம். குழந்தையின் உள்சட்டையில் மூட்டு வெளியே தெரியும்படி தைத்தால் எந்தத் தடிப்பும் தோலில் படாது. கழுத்தில் லேஸ் வேண்டவே வேண்டாம். வேர்க்குரு பழுத்துச் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அது சட்டையின் விடயமல்ல, வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒரு வயது மகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை தலையால் இறங்கவில்லை. கழுத்தைச் சரியாகத்தான் அளந்தேன்.
(ஓர்ஸ்ஹில் வாசகி)

பதில்: கழுத்தை அளந்ததுதான் பிழை, தலையை அளந்திருக்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 45, 46 சென்ரிமீற்றர் இருக்கும். கழுத்தோ அதில் பாதிக்குச் சற்று மேல். இதைப் பிறருக்குக் கற்பித்துக்கொண்டிருந்த நானே என் மூத்த மகளுக்குப் பத்திரகாளி அம்பாள் கோயில் தேருக்கென்று சுற்றுக் கொலர் வைத்துத் தைத்த பட்டுச் சட்டையில் இதே பிழையை விட்டேன். தேர் புறப்படும் நேரத்தில், சட்டை நெற்றியில் இறுகி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்க, உள்ளேயிருந்து பிள்ளை அலறினாள். கடைசியில் பின்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் தலையை வெளியே எடுத்தோம். அந்த வெட்டுக்குத்தான் பிறகு ஓரம் அடித்துக் கொக்கி வைத்தேன். உங்கள் சட்டைக்கும் அதுவே மருந்து: பின் கழுத்தின் நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே வெட்டி, அதே துணியில் ஒரு பட்டி வைத்து விளிம்பை மூடி, மேலே ஒரு தட்டைத் தெறி வையுங்கள்.

கேள்வி: மாமியார் பேரப்பிள்ளைக்குச் சின்னத் தலையணையும், தெறியால் கண் வைத்த துணி யானையும் தைத்துத் தரச் சொல்கிறார். குழந்தைக்கு நாலு மாதம்.
(தம்பலகாமம் வாசகி)

பதில்: யானையைத் தையுங்கள், தலையணையைத் தள்ளிவையுங்கள். ஒரு வயது நிறையும் முன் குழந்தை உறங்கும் இடத்தில் தலையணையோ, மெத்தென்ற விரிப்போ, கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்போ இருக்கக்கூடாது; முகம் அதில் புதைந்தால் குழந்தையால் விலக்கிக்கொள்ள முடியாது. அந்தத் தடுப்புகளின் விற்பனையை அமெரிக்கா 2022 இல் சட்டமியற்றித் தடைசெய்தது. மாமியாரிடம் இதைச் சட்டமாகச் சொல்லாமல், 'மாமி, ஒரு வயது ஆனதும் உங்கள் கையாலேயே இலவம்பஞ்சு அடைத்துத் தாருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். ஏணையிலும் தலையணை வேண்டாம். குழந்தை புரளத் தொடங்கிய பின் ஏணையில் தனியே விடவும் வேண்டாம்.

யானைக்குத் தெறிக் கண்ணும் மணியும் கூடாது. எவ்வளவு இறுகத் தைத்தாலும் பல் முளைக்கிற குழந்தை கடித்தே எடுத்துவிடும். கறுப்பு நூலால் கண்ணை நிரப்பித் தையுங்கள். வாலுக்குக் கயிறு வேண்டாம், துணியையே குட்டையாக முறுக்கி உள்ளே கொடுத்துத் தையுங்கள். உள்ளே அடைக்கக் கிழிந்த பனியன் துண்டுகள் போதும். அவை துவைத்தாலும் காயும். இலவம்பஞ்சு நனைந்தால் கட்டிபிடித்து நாறும். உறங்கும்போது யானையையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மாரி காலத்தில் துணி நப்கின் காயவே மாட்டேன் என்கிறது. தடிப்பாகப் பல மடிப்பு வைத்துத் தைத்தால் குறைவாக மாற்றலாமா?
(சீனக்குடா வாசகி)

பதில்: அதுதான் காயாததற்குக் காரணமே. மடிப்புகளைத் தைத்துவிட்டால் நடுவில் ஈரம் மூன்று நாளும் நிற்கும். 65 சென்ரிமீற்றர் சதுரமாக ஒற்றைத் துணியை வெட்டி ஓரம் மட்டும் அடியுங்கள். கட்டும்போது மடியுங்கள், காயும்போது விரியுங்கள்.

கேள்வி: மகள் அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பு. சீருடை ஒரு வருடத்துக்குள் குட்டையாகிவிடும் என்கிறார்கள். பெரிதாகத் தைத்தால் தொளதொளவென்று இருக்கிறது.
(நிலாவெளி வாசகி)

பதில்: அரசாங்கம் 1993 ஆம் ஆண்டிலிருந்து மாணவருக்குச் சீருடைத் துணி வழங்கி வருகிறது; அந்தத் துணியை ஒரு அங்குலமும் வீணாக்காமல் உள்ளே ஒளித்துவைப்பதுதான் கெட்டித்தனம். அகலத்தைப் பெரிதாக்காதீர்கள், நீளத்தை மட்டும் ஒளித்துவையுங்கள். கீழ்மடிப்புக்கு 8 சென்ரிமீற்றர் விடுங்கள். இடுப்புத் தையலுக்குச் சற்றுக் கீழே, உட்புறமாக 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு மடிப்பைச் சுற்றிவரப் பெரிய தையலாகப் போட்டால் இன்னும் 4 சென்ரிமீற்றர் உள்ளே இருக்கும். ஆறு மாதத்தில் மேல் மடிப்பைப் பிரியுங்கள், அதன் பின் கீழ்மடிப்பை. பழைய மடிப்புக் கோடு தெரிந்தால், வெள்ளைத் துணிதானே, ஈரத் துணி போட்டு மின்னழுத்தியால் அழுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும். பக்க மூட்டிலும் இரண்டரை சென்ரிமீற்றர் விட மறக்க வேண்டாம்.

கேள்வி: நான் தைக்க இருந்தால் நாலு வயது மகனும் ஊசி கேட்டு அழுகிறான். என்ன செய்வது?
(மூதூர் வாசகி)

பதில்: கொடுங்கள், ஊசியல்ல, வேலையை. பிஸ்கட் பெட்டியின் மட்டையை மீன் வடிவில் வெட்டி, விளிம்பைச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகத் துளையிட்டு, முனை இறுகிய சப்பாத்து நூல் ஒன்றைக் கையில் கொடுத்தால் அரை மணித்தியாலம் நிம்மதியாகத் தைக்கலாம். அவன் கோத்த நூலை நீங்கள் திருத்தப் போகாதீர்கள். உங்கள் குண்டூசிகளை மட்டும் தொடங்கும் முன் எண்ணிக்கொள்ளுங்கள், முடிந்ததும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் இருத்திவிட்டு, ஒரு காந்தத்தால் பாயையும் தரையையும் மெல்லத் தடவிக்கொண்டு போனால் 'டிக்' என்று வந்து ஒட்டும்.